பேசும் ஓநாயும் பேசாத கொலையாளியும்: சிவப்புக் குல்லாய்க் கதையிலிருந்து ஸ்லாஷர் வரை

ஏ. ஏ. மில்ன் 1926இல் எழுதிய கரடிப் பொம்மைக் கதைநூலின் காப்புரிமை அமெரிக்காவில் 2022 ஜனவரியில் முடிந்தது. மறு ஆண்டே அந்தக் கரடி கொலைகாரனாகித் திரைக்கு வந்துவிட்டது. 'வின்னி த பூ: பிளட் அண்ட் ஹனி' படத்துக்கு ஆன செலவு ஒரு லட்சம் டாலருக்கும் குறைவு, வசூலோ அதைப் பல மடங்கு தாண்டியது. 2024இல் 'சிண்ட்ரெல்லாஸ் கர்ஸ்' வந்தது. பழைய தேவதைக் கதைகளுக்கு யாருக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டியதில்லை என்பதால் இந்த வரிசை இப்போதைக்கு நிற்காது.

குழந்தைக் கதையில் ரத்தத்தைக் கலந்து கெடுத்துவிட்டார்கள் என்று இப்படங்களைக் குறை சொல்பவர்கள் உண்டு. ரத்தம் அக்கதைகளில் முன்பே இருந்தது. என் குறை வேறு. இப்படங்கள் கதையிடம் பெயரையும் உடுப்பையும் வாங்கிக்கொள்கின்றன. கதைக்குள் அச்சம் எங்கே பிறக்கிறது என்று கேட்பதில்லை. சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையில் அந்த இடம் ஓநாயின் பல் அன்று, அதன் பேச்சு என்பதே இக்கட்டுரையின் வாதம். அதை ஏற்றால், ஒரு கொலையாளி ஒவ்வொருவராகக் கொன்று தீர்க்கும் ஸ்லாஷர் வகையில் எந்தப் படம் தேவதைக் கதையின் வாரிசு என்ற கேள்விக்கும் வேறு விடை கிடைக்கும்.

கதைக்கு மூன்று முடிவுகள் உண்டு. சார்ல் பெரோ 1697இல் அச்சிட்ட வடிவில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது. அத்துடன் கதை முடிகிறது, காப்பாற்ற யாரும் வருவதில்லை. கிரிம் சகோதரர்கள் 1812இல் ஒரு வேட்டைக்காரனை அனுப்பி ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியையும் பாட்டியையும் மீட்டார்கள். மூன்றாவது, பிரான்சின் நிவெர்னே பகுதியில் 1885 வாக்கில் அஷில் மிலியன் நாட்டார் வாய்மொழியிலிருந்து சேகரித்து, பின்னர் பால் டெலாரூ வெளியிட்ட 'பாட்டியின் கதை'. இதில் ஓநாய்மனிதன் பாட்டியின் இறைச்சியையே பேத்திக்கு உண்ணக் கொடுக்கிறான். ஆடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நெருப்பில் போடச் சொல்கிறான். படுக்கையில் அவள் கேட்கும் புகழ்பெற்ற கேள்விகள் முடிந்ததும், வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். காலில் கயிறு கட்டி அனுப்புகிறான். அவள் கயிற்றை முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். வேட்டைக்காரனும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு பொய் மட்டும்தான்.

இவ்வாய்மொழி வடிவமே பெரோவுக்கு மூலம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சேகரித்த காலம் பெரோவுக்கு ஏறத்தாழ 200 ஆண்டு பிந்தியது. சிவப்புக் குல்லாய் பெரோவின் சேர்க்கை என்று டெலாரூ முதல் ராபர்ட் டார்ன்டன் வரை எழுதினாலும், 11ஆம் நூற்றாண்டில் லியேஜ் நகரத்து எக்பெர்ட் எழுதிய லத்தீன் செய்யுளில் சிவப்பு ஆடைச் சிறுமி ஒருத்தி ஓநாய்களிடையே தென்படுகிறாள். என் வாதத்துக்கு எது மூத்தது என்பது தேவையில்லை. மூன்று வடிவங்களிலும் ஓநாய் பேசுகிறது என்பதே போதும். வழியில் நயமாக விசாரிக்கிறது, பாட்டியின் குரலில் அழைக்கிறது, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறது. தன் கதைக்குப் பெரோ எழுதிய நீதியும், இனிக்கப் பேசி வீடுவரை கூட வரும் ஓநாய்களே எல்லாவற்றிலும் ஆபத்தானவை என்கிறது.

இனி ஸ்லாஷருக்கு வருவோம். கடைசியில் உயிரோடு எஞ்சும் பெண்ணுக்கு 'ஃபைனல் கேர்ள்' என்று பெயரிட்டவர் கரோல் கிளோவர். 1987இல் கட்டுரையாகவும் 1992இல் நூலாகவும் அதை விரித்தார். அவர் ஐஸ்லாந்தின் இடைக்கால சாகா இலக்கியத்தில் ஆய்வு செய்தவர். இன்ன படம்தான் மூலம் என்றில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திரிபுகளே பெருகும் இந்தப் படங்களை அவர் வாய்மொழிக் கதையோடு ஒப்பிட்டது தற்செயல் அன்று. தொடக்ககாலப் படங்களில் அப்பெண் மீட்கப்படுகிறாள், பின்னர் தானே கொல்கிறாள் என்று அவர் கண்ட மாற்றமும் முக்கியமானது. 'டெக்சாஸ் செயின்சா மாசக்கர்' படத்தின் சாலி வழியில் வந்த வண்டியில் ஏறித் தப்புகிறாள். 'ஹாலோவீன்' (1978) படத்தில் லாரி எவ்வளவோ போராடியும் முடிவில் டாக்டர் லூமிஸ் வந்து ஆறு முறை சுட வேண்டியிருக்கிறது. கிரிம்மின் வேட்டைக்காரன் துப்பாக்கியோடு வந்துவிட்டான்.

அவன் ஏன் தேவைப்பட்டான்? 'ஹாலோவீன்' படத்தின் முகமூடிக் கொலையாளி மைக்கேல் மையர்ஸ் பேசுவதில்லை என்பதால் என்பது என் விடை. பேசாத ஒன்றை ஏமாற்ற முடியாது; கேள்வி கேட்டு அதன் வேடத்தைக் கலைக்கவும் முடியாது. முகமூடிக்குப் பின்னால் குரலே இல்லையென்றால் பெண்ணுக்கு எஞ்சுவது ஓட்டமும் அலறலும், கையில் அகப்பட்ட ஊசியும் கத்தியும்தான். ஸ்லாஷர் ஓநாயின் நாக்கை அறுத்தபோது சிறுமியின் சூழ்ச்சியையும் சேர்த்தே அறுத்துவிட்டது. (கிரிம்மைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: ஓநாயின் வயிற்றில் நிரப்பக் கற்களைக் கொண்டுவருபவள் சிறுமிதான். அவர்கள் பின்னொட்டாகச் சேர்த்த இரண்டாம் ஓநாயின் கதையில், பாட்டியும் பேத்தியும் யார் துணையுமின்றி, தொத்திறைச்சி வேகவைத்த நீரின் மணத்தைக் காட்டியே அதைத் தொட்டியில் விழுந்து மூழ்க வைக்கிறார்கள். இரண்டாம் பாகம் எடுக்கும் வழக்கம் ஹாலிவுட்டில் தொடங்கியதல்ல.)

1996 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்க்ரீம்' கொலையாளிக்குக் குரலைத் திருப்பிக் கொடுத்தது. கொலையாளி முதலில் வருவது தொலைபேசியில். குரலை மாற்றிக்கொண்டு கேள்விகள் கேட்கிறான். இங்கே நினைவுக்கு வருவது கிரிம்மின் மற்றொரு ஓநாய்: ஏழு ஆட்டுக்குட்டிகளின் வீட்டுக் கதவைத் திறக்க வைக்கச் சுண்ணக்கட்டி தின்று குரலை மென்மையாக்கிக்கொண்டது அது. கதைவகை அட்டவணையில் 123, 333 என்று தனித்தனி எண் பெற்ற இவ்விரு கதைகளுக்கும் உறவு உண்டு என்பதை ஜாம்ஷித் தெஹ்ரானி 2013இல் கிளைவழி ஆய்வு முறையால் காட்டினார். 'ஸ்க்ரீம்' எந்தத் தேவதைக் கதையையும் தலைப்பில் தாங்கவில்லை. ஆனாலும் அதன் ஓநாய் வீட்டுக்குள் வந்து பழகிய காதலன். பெரோ அவனைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டிருப்பார்.

அதே ஆண்டு வெளிவந்த மேத்யூ பிரைட்டின் 'ஃப்ரீவே' வெளிப்படையாகவே சிவப்புக் குல்லாய்க் கதை. இது சுத்தமான ஸ்லாஷரா என்று இலக்கணம் பேசுபவர்கள் தயங்கலாம். தொடர்கொலையாளியும் தப்பும் பெண்ணும் இருக்கும்போது அத்தயக்கம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ரீஸ் விதர்ஸ்பூன் நடித்த வனெஸ்ஸா, தாய் கைதானதும் கையில் கூடையோடு ஸ்டாக்டனில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் புறப்படுகிறாள். வழியில் கார் பழுதாகிறது. உதவிக்கு வருபவர் பாப் வுல்வர்ட்டன், வழிதவறும் பையன்களுக்கு மனநல ஆலோசகர், கேட்பதில் கைதேர்ந்தவர். தொழிலே பேச்சு. பரிவாகக் கேட்டுக் கேட்டு அவள் வாழ்வின் அவமானங்களையெல்லாம் வாங்கிக்கொள்கிறார். 'பாட்டியின் கதை'யில் ஆடைகள் ஒவ்வொன்றாக நெருப்புக்குப் போனதைப் போன்ற காட்சி இது. கீஃபர் சதர்லண்டின் கண்ணியமான குரல் இல்லாமல் இது இவ்வளவு குமட்டாது.

வகுப்பறையில் ஒரு வாக்கியத்தைக்கூடத் தடுமாறிப் படிக்கும் பெண் வனெஸ்ஸா. ஆனால் எழுதப்படிக்கத் தடுமாறுபவளுக்குப் பேச்சு கூர்மையாக இருக்கிறது. ஆள் யார் என்று புரிந்ததும் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறாள். அவர் சாகவில்லை, முகம்தான் சிதைகிறது. அடுத்து வருவதுதான் படத்தின் உண்மையான துணிவு: காவல்துறையும் நீதிமன்றமும் ஓநாயை நம்புகின்றன. நல்ல சட்டை, நல்ல மனைவி, நல்ல மொழி அவருக்கு இருக்கின்றன. அவளுக்குச் சீர்திருத்தச் சிறை கிடைக்கிறது. வேட்டைக்காரன் வரவில்லை என்பதல்ல பிரைட் சொல்வது. வந்தான், ஓநாயின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போனான்.

இறுதியில் பாட்டியின் டிரெய்லர் வீட்டுப் படுக்கையில் பாட்டி உடையில் கிடக்கும் பாப்பிடம் அவள் பற்களைப் பற்றிப் பேசும்போது அது அறியாச் சிறுமியின் வியப்பாக ஒலிக்கவில்லை. எல்லாம் தெரிந்தவளின் ஏளனமாக ஒலிக்கிறது. 300 ஆண்டாகக் குழந்தைகள் ஒப்பித்துவந்த அந்தக் கேள்வி இங்கே குற்றச்சாட்டாகிவிடுகிறது. பெரோ கண்டறிந்த நோயும் நிவெர்னே பாட்டிகள் சொன்ன மருந்தும் ஒரே படத்தில் சேர்வதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. காப்புரிமை தீரும் நாளைப் பார்த்துக் காத்திருக்கும் இன்றைய தயாரிப்பாளர்கள் அடுத்த கதையை எடுக்குமுன் இந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம். துப்பறிவாளர்கள் அந்த வீட்டுக்கு வந்து சேரும்போது பாப் செத்துவிட்டார். வனெஸ்ஸா அவர்களிடம் ஒரு சிகரெட் கேட்கிறாள்.