மன்றோ சிலையிலிருந்து தருமபுரிக்கு: பட்டாவைத் தேடி ஒரு நாள்

சென்னையிலிருந்து ஒரே நாள்ல போய்ட்டு வர்ற இடம்னு யாரைக் கேட்டாலும் மாமல்லபுரம், காஞ்சிபுரம், பாண்டிச்சேரின்னுதான் பதில் வரும். நூத்தம்பது கிலோமீட்டரோட லிஸ்ட் முடிஞ்சிடும். இன்னைக்கு அதுக்கு இரண்டு மடங்கு தூரத்துல இருக்கற தருமபுரிக்குப் போகப் போறோம். ஒகேனக்கல் பார்க்க இல்லை. நம்ம வீட்டு பீரோவுல இருக்கற ஒரு காகிதத்தோட கதைக்காக. அதான், பட்டா.

கதை சென்னைத் தீவுத்திடல்ல ஆரம்பிக்குது. அங்கே சேணம் இல்லாத குதிரையில உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் சர் தாமஸ் மன்றோ. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி சேணத்தை மறந்துட்டார்னு ஒரு கதை சுத்தும். ஆனா லண்டன்ல நாலாம் ஜார்ஜுக்கு அவர் செஞ்ச குதிரையிலும் சேணம் கிடையாது. மறதி இல்லை, அது அவர் பாணி. இந்தச் சிலையை வெச்சது 1839-ல. மன்றோ 1820 முதல் 1827-ல இறக்கும் வரை சென்னை மாகாண ஆளுநர். ஆனா அவர் பேரை நிலைக்க வெச்ச வேலையை அவர் கத்துக்கிட்டது தருமபுரிப் பக்கம்.

1792. மூன்றாம் மைசூர் போர்ல தோத்த திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்கிறார். சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வருது. பாராமகால்னா தோராயமா இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வட்டாரம். அதை நிர்வாகம் பண்ணப் போனவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருடைய உதவியாளர்கள்ல ஒருத்தர் மன்றோ. 1799 வரை ஏழு வருஷம் இங்கே இருந்தார்.

அவங்க முன்னாடி இருந்த கேள்வி ஒண்ணுதான்: வரியை யார்கிட்ட வாங்குறது? வங்காளத்துல 1793-ல காரன்வாலிஸ் ஜமீன்தார்களைப் பிடிச்சுக்கிட்டார். ரீடும் மன்றோவும் வேற வழியில போனாங்க. நிலத்தை அளந்து, தீர்வை நிர்ணயிச்சு, நடுவுல ஆள் இல்லாம விவசாயிகிட்டயே நேரடியா வாங்குறது. இதுதான் ரயத்துவாரி. யாருக்கு எந்த நிலம், எவ்வளவு தீர்வைன்னு சொல்ற சீட்டுதான் பட்டா.

நம்ம பாஷையில சொன்னா, பாராமகால் ஒரு பைலட் புராஜெக்ட். ஆனா மன்றோ கிளம்பின கொஞ்ச நாள்லயே ரோல்பேக்! 1802-க்கு அப்புறம் வங்காள முறையைப் பின்பற்றி, இதே மண்ணை 'மிட்டா'க்களா பிரிச்சு ஏலம் விட்டாங்க. மிட்டாதாரர்கள் வந்தாங்க. பல பேரால பணம் கட்ட முடியலை, மிட்டாக்கள் திரும்ப அரசுகிட்டயே வந்துச்சு. மன்றோ ஆளுநரானதும் 1820-ல ரயத்துவாரியை மாகாணத்தோட பொது முறையா ஆக்கினார்.

அப்போ விவசாயிக்கு நல்லது நடந்துச்சா? ஜமீன்தார் போனார், சரி. ஆனா விளைஞ்சாலும் விளையாட்டியும் தீர்வையைப் பணமா கட்டணும். வசூல் பண்றவர் கையில கட்டுப்பாடில்லாத அதிகாரம். வரி வசூலுக்காகச் சித்திரவதை நடந்ததை, சென்னை மாகாணத்துக்குன்னே போட்ட விசாரணைக் குழு 1855-ல அறிக்கையா எழுதி வெச்சிருக்கு. இன்னொண்ணு: இந்த முறை பார்த்தது நிலம் வெச்சிருக்கறவரை மட்டும். அடுத்தவர் வயல்ல கூலிக்கு உழுதவங்களுக்கு அந்தச் சீட்டுல இடமே இல்லை. சீட்டுல பேர் இருந்தவருக்கு நிலம், இல்லாதவருக்கு உழைப்பு மட்டும். நிலம் பத்தி இன்னைக்கு நடக்கிற பாதிச் சண்டைக்கு வேர் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

இப்போ பிளான். வேலூர், கிருஷ்ணகிரி வழியா சுமார் 300 கிலோமீட்டர். காலை நாலு மணிக்குக் கிளம்பினா பத்துக்குள்ள தருமபுரி. ரயில்ல வர்றவங்க சேலம் போற வழியில மொரப்பூர்ல இறங்கி பஸ் பிடிக்கலாம். ஊருக்குள்ள மன்றோ நினைவுத் தூணைப் பாருங்க. அடுத்து அரசு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. அங்கே இருக்கற நடுகற்கள் முன்னாடி நிதானமா நில்லுங்க. ஆநிரையை மீட்கப் போய் உயிர்விட்ட சாதாரண வீரனுக்கெல்லாம் கல் நட்டு, பேர் வெட்டின வட்டாரம் இது. காகிதம் வர்றதுக்கு முன்னாடி பேர் எதுக்காகப் பதிவாச்சுன்னு அந்தக் கல் சொல்லும்.

மதியத்துக்கு மேல சேலம் ரோட்டுல சில கிலோமீட்டர் தள்ளி அதியமான்கோட்டை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானோட தகடூர்தான் இந்தத் தருமபுரி. நாலு மணிக்குத் திரும்பினா ராத்திரி பத்து மணிக்கு வீடு. ஒகேனக்கலை அதே நாள்ல சேர்க்காதீங்க. மேற்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல போகணும், ரெண்டையும் பார்த்த திருப்தி இருக்காது.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஹோம்வொர்க். வீட்டுல பழைய பட்டா இருந்தா எடுத்துப் பாருங்க. அதுல யார் பேர் இருக்கு, அந்த வயல்ல வேலை செஞ்ச யார் பேரெல்லாம் இல்லைன்னு பாட்டிகிட்ட கேளுங்க. கேட்டது என்னன்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!