கிட்டங்கிக்கு அப்பால்: அம்பாறைக் கரையோரமும் மருத்துவக் கல்வியும்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்வோர், நாவிதன்வெளிப் பிரதேசத்து வயல்வெளிகளினூடே சொறிக்கல்முனை என்னும் சிற்றூரை அடைவர். திருச்சிலுவை ஆலயத்தால் அறியப்பட்ட கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம் அது. சுற்றுப்புறத்தில் முஸ்லிம்களும் சைவர்களும் வாழ்கின்றனர். மாரியில் வாவி பெருகித் தாம்போதியை மேவும்போது கல்முனைக்கான நேர்வழி அற்றுப்போகும். அம்பாறை மாவட்டத்து மாணவர் மருத்துவபீடம் புகுந்த வரலாற்றை ஆராய விழைவோர் இத்தாம்போதியை மனத்திருத்துவது நன்று. ஏனெனில், மாவட்டம் என்னும் ஒரு சொல்லினுள் இரு கரைகள் உள்ளன.

இலங்கையில் மேனாட்டு மருத்துவம் தமிழரிடையே வேரூன்றிய இடம் யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் 1848இல் மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கி, அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்தார். பிற்காலத்தில் தமிழிலேயே மருத்துவத்தைக் கற்பித்ததோடு, உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழ் நூல்களாக வெளிவரவும் வழிசெய்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இலேயே தோன்றியது. ஆகவே, பின்னாளில் யாழ்ப்பாணத்து மாணவர் மருத்துவத்துறையிற் காட்டிய மேம்பாட்டை இயல்பான திறமை என்று மட்டும் கூறுவது பொருந்தாது. அது ஒரு நூற்றாண்டுக் கால முதலீட்டின் விளைவுமாகும். மட்டக்களப்புத் தென்பகுதிக்கு அத்தகைய முதலீடு வாய்க்கவில்லை. ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலத்தில், நெற்செய்கையையும் மீன்பிடியையும் நம்பிய குடும்பங்களுக்கு மருத்துவக் கல்வி எண்ணிப் பார்க்கவும் இயலாததாயிற்று.

இந்நிலையைக் கண்டு செயற்பட்டவர்களுள் ஏ.எம்.ஏ. அஸீஸ் முதன்மையானவர். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் கற்று, 1935இல் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். உலகப்போர் மூண்டிருந்த 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி அமைக்கப்பட்டபோது உதவி அரசாங்க அதிபராக அவர் அனுப்பப்பட்டார். நெல்லைப் பெருக்க வந்த அதிகாரி பிள்ளைகளின் படிப்பையும் பார்த்தார். வயலில் விளைச்சல் இருந்தும் பள்ளியில் மேல்வகுப்புகள் வெறுமையாக இருந்த முரண்பாடு அவரை வருத்தியிருத்தல் வேண்டும். காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் தொடர்பும் அங்கு அவருக்குக் கிட்டியது. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. வறிய மாணவருக்குப் பொருளுதவி அளித்த அச்சங்கத்தின் அனுபவமே, 1945இல் நாடளாவிய இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியாக விரிந்தது.

அந்நிதி பின்பற்றிய முறை ஈண்டுக் கருதத்தக்கது. உதவி வட்டியில்லாக் கடனாக வழங்கப்பட்டது. தொழில் பெற்றபின் மாணவன் அதனைத் திருப்பிச் செலுத்த, அப்பணம் அடுத்த மாணவனைச் சென்றடையும். மருத்துவக் கல்விக்கு இம்முறை மிகவும் இசைவானது. படிப்புக் காலம் நீண்டது, செலவு பெரிது, ஆயினும் முடிவில் ஊதியம் உறுதியானது. தானமாகப் பெற்றோம் என்னும் தாழ்வுணர்ச்சிக்கும் இங்கு இடமில்லை. அஸீஸ் 1948இல் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராகி, 1961 வரை அப்பணியைத் தொடர்ந்தார். உயர்பதவி ஒன்றை விட்டுப் பள்ளிக்கூடம் ஏகுவது அக்காலத்தும் பலருக்குப் புதிராகத் தோன்றியிருக்கும். பணம் கொடுத்தால் மட்டும் போதாது, பல்கலைக்கழகம் செல்லத் தகுதியுடையோரை முதலில் உருவாக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே இம்முடிவைக் கொள்ளலாம். 1949இல் கல்முனையிலும் ஸாஹிறாக் கல்லூரி தோன்றியது.

இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்ததும், பின்னர் விஞ்ஞான பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்பட்டதும் ஆங்கிலம் என்னும் முதற்றடையைப் பெருமளவு நீக்கின. விபுலாநந்தர் தலைமையில் உருவாகி 1938இல் சென்னையில் வெளிவந்த கலைச்சொல் அகராதி போன்ற முயற்சிகள் இதற்குக் களம் அமைத்தன. எனினும் தடை நீங்கவில்லை, இடம் மாறிற்று. இப்போது வேண்டியவை ஆய்வுகூடமும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர்களுமே. இவை கல்முனை நகரத்துப் பெரும் பாடசாலைகளுக்கு வந்த வேகத்தில் கிட்டங்கியைக் கடக்கவில்லை.

இனி, பலரும் தொடத் தயங்கும் பகுதிக்கு வருவோம். 1970இல் மருத்துவபீட அனுமதிக்கு 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூல மாணவர் 250ஐயும், சிங்களமொழி மூல மாணவர் 229ஐயும் பெற வேண்டும் என வகுக்கப்பட்டது. ஒரே பரீட்சைக்கு மொழியால் இரு அளவுகோல்கள் அமைந்தமை அநீதி என்பதில் ஐயமில்லை. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. இவ்விரண்டினையும் ஒரே பெயரால் ஒருங்கு கண்டிப்பது நமது மேடைகளின் வழக்கம். ஆனால், அவை வேறு வேறானவை. முன்னது மொழியைக் கண்டு தண்டித்தது; பின்னது பள்ளிக்கூடத்தின் வறுமையைக் கருத்திற்கொண்டது. மாவட்ட ஒதுக்கீட்டினால் யாழ்ப்பாணம் இழந்தது உண்மை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த தமிழ்பேசும் மாணவருக்கு அதுவரை கிட்டாத கதவு அதனாற் சிறிது திறந்தது என்பதும் உண்மையே. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே கூறத் துணியாத வரலாறு அரைகுறையானது.

ஒதுக்கீட்டின் அளவுகள் பின்னர்ப் பன்முறை மாறின. இறுதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை, 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்கள் என்னும் பகிர்வு நிலைபெற்றது. பின்தங்கிய மாவட்டங்களுள் அம்பாறையும் ஒன்று.

ஆயின், அம்பாறை மாவட்டம் என்பது யாது? கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களுக்குப் பின்னர், 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட நிருவாக அலகு அது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அதன் மக்களுள் முஸ்லிம்கள் ஏறத்தாழ 41 சதவீதத்தினர், சிங்களவர் 38, தமிழர் 20. இம்மூவரும் ஒரே மாவட்டத் தொகுதியில் நின்று போட்டியிடுகின்றனர். அத்தொகுதியினுள்ளும் கல்முனை, சாய்ந்தமருது போன்ற நகர்ப்புறங்களில் தனியார் வகுப்புகளும் மூத்த ஆசிரியர்களும் உண்டு. சொறிக்கல்முனை மாணவிக்கு ஒதுக்கீடு காட்டும் சலுகை, அவளைவிட வசதியுள்ள கல்முனை மாணவிக்கும் அப்படியே கிடைக்கிறது. இதில் நகரத்து மாணவி மீது குற்றமில்லை. சட்டத்தின் கண் மாவட்ட எல்லைவரை பார்த்தது, தாம்போதிவரை பார்க்கவில்லை. அஸீஸின் நிதி தனி மாணவனின் வீட்டு நிலையை விசாரித்து உதவியது. ஆனால் அதன் பை சிறியது. அது ஒரு சமூகத்தவருக்கானதுமாகும். அரசின் கை பெரிது, பார்வை மங்கல். இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி, அதாவது பாடசாலை அளவிலோ பிரதேசச் செயலகப் பிரிவு அளவிலோ பின்தங்கலைக் கணித்து, இனம் பாராது உதவும் முறை, இக்கரையோரத்திற் போதிய அளவு எழவில்லை என்பது எமது கருத்து.

மருத்துவபீடங்களின் அமைவிடமும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. கொழும்பை அடுத்துப் பேராதனையில் 1962இலும், யாழ்ப்பாணத்தில் 1978இலும் மருத்துவபீடங்கள் தொடங்கின. கிழக்குப் பல்கலைக்கழகம் 1986இல் நிறுவப்பட்டபோதும், அங்கு மருத்துவக் கல்வி 2000க்குப் பின்னரே வந்தது. ஒலுவிலில் 1995இல் தோன்றிய தென்கிழக்கின் உயர்கல்வி நிறுவனம் மருத்துவபீடமின்றியே தொடங்கிற்று. கல்முனை நகரிலோ இன்று அருகருகே இரு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தமிழரும் மற்றதை முஸ்லிம்களும் தம்முடையதெனக் கருதும் வழக்கத்தை அவ்வூரார் அனைவரும் அறிவர்.

சொறிக்கல்முனை மாணவி இவ்விரண்டில் எதனை அடைவதற்கும் கிட்டங்கியைக் கடந்தாக வேண்டும். முன்னர் ஆகஸ்ட் மாதத்தில் நடைபெற்று வந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சை அண்மைக்காலத்தில் மாரிக்குத் தள்ளப்பட்டுள்ளது. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் பெருகியபோது அப்பரீட்சை நாடெங்கும் சில நாட்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.