ஒட்டுப்பலகை ஆலையிலிருந்து வந்த கணக்கு

காஸ்ட் அக்கவுண்ட்ஸ் படித்தவர்களுக்கு 'லீனியர் புரோகிராமிங்' என்றதும் கிராஃப் தாளும் இரண்டு சாய்கோடுகளும்தான் நினைவுக்கு வரும். பல வருஷம் கணக்கியல் மாணவர்களுக்கு இதை நடத்தியிருக்கிறேன். இதன் பின்னால் இருக்கும் கதை பாடப்புத்தகத்தில் வராது.

முதலில் கணக்கு. ஒரு பட்டறையில் மேசையும் நாற்காலியும் செய்கிறார்கள். மேசைக்குத் தச்சு வேலை 4 மணி, பாலிஷ் 2 மணி. நாற்காலிக்குத் தச்சு 2, பாலிஷ் 4. கையில் இருப்பது தச்சு 60 மணி, பாலிஷ் 48 மணி. மேசைக்கு லாபம் 80 ரூபாய், நாற்காலிக்கு 70. இரண்டு கோடு போட்டால் அவற்றுக்குக் கீழே ஒரு நாற்கரம் கிடைக்கும். லாபக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து, சாய்வு மாறாமல் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால், நாற்கரத்தை அது கடைசியாகத் தொடும் இடம் ஒரு மூலை. அதனால்தான் மூலைகளை மட்டும் பார்த்தால் போதும் என்கிறோம். வெறும் மேசை 15 செய்தால் 1200 ரூபாய், வெறும் நாற்காலி 12 செய்தால் 840. கோடுகள் வெட்டும் மூலையில் 12 மேசை, 6 நாற்காலி, லாபம் 1380.

இரண்டு பொருள் என்பதால் தாளில் அடங்கியது. 1938-ல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகை நிறுவனத்தின் ஆய்வகத்தினர் கொண்டுவந்த கணக்கு அப்படியில்லை. எட்டு எந்திரம், ஐந்து வகை மரம். எந்த மரத்தை எதில் எவ்வளவு நேரம் உரிப்பது? அவர்கள் தேடிப் போனது லியோனிட் காண்டரோவிச்சை. 26 வயது, அதற்குள் கணிதப் பேராசிரியர். எட்டை ஐந்தால் பெருக்கினால் 40 விடை தெரியாத எண்கள். மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்றால் கோடிக்கணக்கில் சமன்பாடுகள் போடவேண்டும். கணினி இல்லாத காலம்!

அவர் வேறு வழி பிடித்தார். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு பெருக்கெண்ணைக் கொடுத்து, அதைத் திருத்தித் திருத்தி விடைக்கு வந்தார். 1939-ல் அது சிறு நூலாக வந்தது. நம் பட்டறைக் கணக்கில் அந்த எண்கள் தச்சுக்கு 15, பாலிஷுக்கு 10. அறுபதைப் பதினைந்தாலும், நாற்பத்தெட்டைப் பத்தாலும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், அதே 1380 வரும். இன்னும் ஒரு மணி தச்சு வேலை கிடைத்தால் லாபம் 15 ரூபாய் கூடும் என்று அர்த்தம். தச்சருக்கு அதிகப்படியாக எதுவரை கொடுக்கலாம் என்பதை முதலாளிக்குச் சொல்லும் எண் இது. இதைத்தான் நாம் நிழல் விலை என்கிறோம். பரீட்சையில் இதற்கு மதிப்பெண் குறைவு. என்னைக் கேட்டால் கணக்கின் உயிரே இதுதான்.

வம்பும் இதிலிருந்துதான் வந்தது. பொருளின் மதிப்பு உழைப்பிலிருந்து பிறக்கிறது என்பது சோவியத் நாட்டில் வேதவாக்கு. தட்டுப்பாட்டிலிருந்தும் ஒரு விலை பிறக்கும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினால் அங்கே என்ன ஆகும்? 1942-ல் இதைப் பொருளாதாரம் முழுமைக்கும் விரித்து ஒரு நூல் எழுதினார். அது அச்சேறியது 1959-ல்! ஸ்டாலின் காலத்தில் உயிரோடு தப்பியதே பெரிது.

இதற்கிடையில் அமெரிக்காவில் விமானப்படைக்கு வேலை செய்த ஜார்ஜ் டான்ட்சிக், 1947-ல் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். லெனின்கிராடு சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லா மூலைகளையும் பார்க்காமல், லாபம் கூடும் பக்கமாக ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நகர்வதுதான் அந்த முறை. 'புரோகிராம்' என்பது ராணுவத்தார் தங்கள் திட்டங்களுக்கு வைத்திருந்த சொல்; கம்ப்யூட்டர் புரோகிராம் அல்ல. 'லீனியர் புரோகிராமிங்' என்ற பெயரைச் சொன்னவர் கூப்மன்ஸ் என்ற பொருளாதார அறிஞர்.

1975-ல் பொருளாதார நோபல் பரிசு காண்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் கிடைத்தது. டான்ட்சிக்கைச் சேர்க்கவில்லை. அதில் மிகவும் வருத்தப்பட்டவர்களில் ஒருவர், பரிசு வாங்கிய கூப்மன்ஸ்.