புற்றுமண் களம்

நம்மூரில் புற்றைக் கண்டால் சற்று ஒதுங்கித்தான் நடப்பார்கள். மஞ்சள் தெளிப்பார்கள், வெள்ளிக்கிழமை பால் ஊற்றுவார்கள். கடப்பாரையை ஓங்க யாருக்கும் எளிதில் கை வராது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அதே புற்றை உடைத்து, இடித்து, சலித்து, நீர் தெளித்து, உருளை ஓட்டி டென்னிஸ் களம் போட்டார்கள். அந்தக் களத்தில் பந்தடிக்கக் கற்ற பையன்கள் விம்பிள்டன் வரை போய்க் கோப்பையோடு திரும்பினார்கள். பையன்களின் கதை பலருக்கும் தெரியும். அவர்களின் காலடியில் கிடந்த மண்ணும் நெடுந்தூரம் வந்ததுதான்.

அந்த மண்ணை அங்கே 'ஆன்ட் பெட்' என்கிறார்கள். எறும்புப் படுக்கை என்று பொருள். பெயரிலேயே ஒரு பிழை இருக்கிறது. ஆங்கிலேயக் குடியேறிகள் கறையானை வெள்ளை எறும்பு என்று நினைத்தார்கள். கறையானுக்கும் எறும்புக்கும் உறவில்லை. அது கரப்பான்பூச்சியின் நெருங்கிய சொந்தம். கறையானுக்கு முதலிலிருந்தே தனிப்பெயர் வைத்திருக்கும் தமிழில் இந்தக் குழப்பம் நேர வழியில்லை. ஆகவே புற்றுமண் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பயணம் தொடங்குவது நிலத்தடியில், ஒரு வேலைக்காரக் கறையானின் வாயில். கீழே இறங்கி, களித்தன்மை மிகுந்த நுண்ணிய மண்ணாகப் பொறுக்கி, கடுகளவு உருண்டையாக மேலே கொண்டுவருகிறது. தன் எச்சிலையும் கழிவையும் சேர்த்துப் பிசைந்து வைக்கிறது. பக்கத்தில் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. வெயில் அதைச் சுடுகிறது. செரித்த மரமும் புல்லும் அந்தக் கழிவில் இருப்பதால் மண் துகள்கள் பசை போட்டது போல இறுகுகின்றன. வருடக்கணக்கில் மழை அடித்தாலும் கரையாத சுவர் அப்படித்தான் எழுகிறது. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் 5 மீட்டருக்கும் மேல் எழும்பிய புற்றுகள் உண்டு. குவீன்ஸ்லாந்தின் நடுப்பகுதியில் காண்பவை பெரும்பாலும் இடுப்பளவு, மிஞ்சினால் ஆளுயரம்.

இந்த மண்ணின் குணத்தை முதலில் அறிந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். அந்த நாட்டின் பூர்வகுடிகள் குழி அடுப்பில் சமைக்கும்போது, கல் கிடைக்காத இடங்களில் புற்றுக்கட்டிகளைத் தீயில் காய்ச்சிப் போட்டு, அந்தச் சூட்டில் இறைச்சியையும் கிழங்கையும் வேகவைத்தார்கள். பின்னால் வந்த மாட்டுப்பண்ணைக்காரர்கள் புற்றை இடித்து, குழைத்து, வீட்டுக்குத் தரை போட்டார்கள். அது சிமென்ட் போல இறுகிற்று. நம் கிராமங்களிலும் அடுப்புக்கும் சுவருக்கும் புற்றுமண்ணைத் தேடிப் போனவர்கள் இருந்தார்கள். ஒரே பூச்சியின் உழைப்பைப் பார்த்து வெவ்வேறு கண்டத்து மனிதர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

டென்னிஸ் பிறந்தது ஈரமான நாட்டில். 1870-களின் இங்கிலாந்தில் அது வீட்டுப் புல்வெளி விளையாட்டு. தூறலும் மேகமும் புல்லைப் பார்த்துக்கொண்டன. கப்பலேறி ஆஸ்திரேலியா வந்தபோது கடற்கரை நகரங்களில் அதற்குப் புல் கிடைத்தது. உள்நாட்டுக்குள் நுழைந்ததும் சிக்கல் வந்தது. லாங்ரீச் போன்ற ஊரில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஜனவரியில் சராசரி உச்ச வெப்பம் 37 டிகிரி. நிலத்துக்குள் ஆழத்தில் பெரும் ஆர்டீசியன் படுகையின் நீர் இருக்கிறது என்றாலும் அது சூடாக, சோடா உப்புக் கரைந்து வருகிறது. மாடு குடிக்கலாம். நிலத்துக்குப் பாய்ச்சினால் மண் கெட்டுவிடும். அங்கே டென்னிஸ் களத்துக்காகப் புல் வளர்ப்பது நடக்கிற காரியம் இல்லை.

சிமென்ட் போடலாம்தான். அதை ரயிலில் ஏற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவர வேண்டும், விலை கட்டாது. அந்தப் பக்கம் பல இடங்களில் நிலமும் ஒத்துழைக்காது. கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: கரிசல். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் எந்தப் பலகை போட்டாலும் அதுவும் சேர்ந்து வெடிக்கும். தார் போட்டால் வெயிலில் இளகும், அனலைக் கக்கும். பாரிஸில் ஆடுகிற செங்கல் தூள் களமோ ஈரத்தால் வாழ்வது. சுண்ணாம்புக்கல் அடுக்கின் மேல் ஓரிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் தூவிய சிவப்புத் தூள் அது. நாள் முழுக்கத் தண்ணீர் காட்டாவிட்டால் காற்றோடு போய்விடும்.

இத்தனையையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், வேலிக்கு அப்பால் புதர்க்காட்டில் ஏற்கெனவே சலித்து, பிசைந்து, சுட்டு வைத்த மண் நின்றுகொண்டிருந்தது. கொண்டுவருகிற கூலி மட்டும்தான் செலவு.

எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோட்டுக்குள் இருக்கும் இடம் 78 அடிக்கு 36 அடி. பின்னால் ஓடவும் பக்கத்தில் பாயவும் இடம் விட்டால் 120-க்கு 60. மூன்று அங்குலக் கனத்தில் பரப்ப ஏறத்தாழ 51 கன மீட்டர் மண் ஆகும். இறுகிய நிலையில் 80 டன்னுக்குக் குறையாது. ஒன்றரை மீட்டர் உயரமும் ஒன்றேகால் மீட்டர் அகலமும் உள்ள புற்றை ஒரு கூம்பு என்று கொண்டால், அதில் அரை கன மீட்டருக்குச் சற்று அதிகம் மண் கிடைக்கும். உள்ளே அறைகளும் வழிகளுமாகப் பொள்ளலாக இருப்பதையும் கழித்தால் ஒரு களத்துக்கு நூறு புற்றுக்கு மேல் உடைத்தாக வேண்டும். நூறு கறையான் ஊர்கள். அந்தக் கணக்கை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையை நாம் குறையாகத்தான் சொல்வோம். புற்று எப்போதும் கட்டியவருக்கு மட்டும் வீடாக இருந்ததில்லை. பல்லியும் ஓணானும் அதில் இருக்கின்றன. மீன்கொத்தி இனத்துப் பறவைகள் அதைக் குடைந்து முட்டையிடுகின்றன. குவீன்ஸ்லாந்தின் வடமுனையான கேப் யார்க்கில் மஞ்சள் தோள்கொண்ட ஒரு சிறு கிளி புற்றில்தான் கூடு வைக்கும். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதை அந்த நிலைக்குத் தள்ளியது டென்னிஸ் அல்ல. இருந்தாலும் ஒரு புற்றை உடைப்பவர் யார் யார் வீட்டை உடைக்கிறார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த எனக்கு மனமில்லை.

களம் போடும் முறையைத் தமிழ்க் கிராமத்தில் வளர்ந்தவருக்கு விளக்கவே தேவையில்லை. கதிரடிக்கும் களத்தை நினைத்துக்கொண்டால் போதும். புல்லைச் செதுக்கி, மேடு பள்ளம் தட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடித்து, சாணி மெழுகிக் காயவிடுவோமே, அதேதான். நிலத்தைச் சமன் செய்து, மழைநீர் வடிய மட்டும் ஒரு பக்கம் லேசாகச் சரிவு கொடுப்பார்கள். அடியில் சரளை. சம்மட்டியால் உடைத்த புற்றுக்கட்டிகளை வண்டியில் கொண்டுவந்து கொட்டி, இரும்பு உருளையை மேலே ஓட்டிப் பொடியாக்குவார்கள். வலையில் சலித்து, கட்டி இல்லாத மண்ணை மேலடுக்காகப் பரப்புவார்கள். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, ஈரம் பதமாக இருக்கும்போது உருளை. மறுபடி தண்ணீர், மறுபடி உருளை. பதம் தவறி அதிக ஈரத்தில் ஓட்டினால் மண் உருளையோடு ஒட்டிக்கொண்டு கிளம்பும். காய்ந்துபோய் ஓட்டினால் இறுகாது. இதைப் புத்தகம் பார்த்துச் செய்ய முடியாது, கைப்பிடி மண்ணைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும். கடைசியில் சுண்ணாம்பால் கோடு, சுற்றிலும் கோழிவலைக் கம்பி.

இறுகிய களம் வறட்சியில்தான் தன் குணத்தைக் காட்டும். வெயில் ஏற ஏறக் கெட்டியாகும். பந்து சீராக எழும்பும், ஐரோப்பியக் களிமண்ணைவிட வேகமாக வரும். மாலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும், ஈரம் ஆவியாகும்போது தரையும் குளிரும். பகலில் வெள்ளைச் சிமென்ட் போலக் கண்ணைக் கூச வைக்காது. இடி மழை பிடித்துக்கொண்டால் மட்டும் வழவழவென்று ஆகிவிடும். அன்று ஆட்டம் இல்லை. ஆண்டில் சில நாள் மழைக்கு விடுமுறை கொடுக்க அந்த ஊர்களில் யாருக்கு வருத்தம்?

பிரிஸ்பேனுக்கு வடக்கே, மகர ரேகையை ஒட்டி ராக்ஹாம்ப்டன் என்று ஒரு மாட்டு வணிக ஊர். ராட் லேவர் 1938-இல் அங்கே பிறந்தார். தந்தை ராய் மாடு வளர்த்தவர், டென்னிஸ் பித்தர். வீட்டருகே புற்றுமண் களம் போட்டு, இரவில் ஆட விளக்கும் தொங்கவிட்டார். வெப்பம் தணிந்த பிறகு ஆடுவது அந்த ஊர் வாழ்க்கையோடு ஒட்டிய ஏற்பாடு. சார்லி ஹாலிஸ் என்ற பயிற்சியாளர் லேவரின் இரண்டு அண்ணன்களுக்கும் அங்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஓர் இரவில், தூங்கப்போக வேண்டிய தம்பி இரவு உடையோடு வந்து கம்பிவலைக்கு வெளியே நின்றானாம். ஹாலிஸ் அவனை உள்ளே அழைத்துச் சில பந்துகள் போட்டுப் பார்த்தார். மூவரில் தேறப்போகிறவன் இவன்தான் என்று தந்தையிடம் சொன்னதாக அந்தக் குடும்பத்தில் வழங்கும் கதை.

அதே மாநிலத்தில், பிளாக்பட் என்ற சிற்றூரின் பக்கத்துப் பால்பண்ணையில் 1936-இல் பிறந்தவர் ராய் எமர்சன். அவர்கள் வீட்டிலும் புற்றுமண் களம். தியோடர் ஊர் மாட்டுப்பண்ணையிலிருந்து வந்த மால் ஆண்டர்சன், போட்டித் தரநிலைப் பட்டியலில் இடம் பெறாமலேயே 1957-இல் அமெரிக்கப் பட்டத்தை வென்றார். பிறகு எமர்சனின் சகோதரியை மணந்துகொண்டார். ஆள் நடமாட்டம் குறைந்த நிலத்தில் ஒருவர் களம் போட்டால், ஞாயிற்றுக்கிழமை சுற்றுப் பண்ணைகள் அத்தனையும் அங்கே கூடும். கிளப்பும் சந்தாவும் இல்லாத ஊரில் டென்னிஸ் பரவியது இந்த மண்ணின் மலிவால்தான் என்பது என் எண்ணம்.

இந்தக் கதைக்குள் ஒரு தமிழரும் வருகிறார். 1961 விம்பிள்டன் கால் இறுதியில் ராமநாதன் கிருஷ்ணன் எமர்சனை நேர் செட்டுகளில் வீழ்த்தினார். அரை இறுதியில் எதிரே நின்றவர் லேவர். கிருஷ்ணன் தோற்றார், லேவர் அந்த ஆண்டு பட்டம் வென்றார். மண்ணும் சாணமும் மெழுகிய டென்னிஸ் தரைகள் இருந்த நாட்டிலிருந்து ஒருவர், புற்று இடித்த தரைகள் இருந்த மாநிலத்திலிருந்து இருவர். லண்டன் புல்வெளியில் அடுத்தடுத்த ஆட்டங்களில் அவர்கள் சந்தித்துக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

அடுத்த ஆண்டு லேவர் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றார். அவற்றில் மூன்று இறுதி ஆட்டங்களில் எதிரி எமர்சன். பாரிஸில் முதல் இரண்டு செட்டுகளை இழந்து, நான்காவதை 9-7 என்று மீட்டு, ஐந்தாவதை 6-2 என்று முடித்தார் லேவர். ஒருபுறம் சூளையில் சுட்டுப் பொடித்த செங்கல்; மறுபுறம் எச்சில் பிசைந்து வெயிலில் சுட்ட மண்ணில் கால் பழகிய இரண்டு குவீன்ஸ்லாந்துக்காரர்கள். 1969-இல் லேவர் நான்கையும் மறுபடி ஒரே ஆண்டில் வென்றார். ஆண்கள் ஒற்றையரில் இரண்டு முறை அதைச் செய்தவர் வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகு புற்றுமண்ணின் காலம் இறங்குமுகம். தினமும் தண்ணீர் தெளிக்க, உருளை தள்ள ஆள் கிடைக்கவில்லை. 1980-களிலிருந்து மணல் தூவிய செயற்கைப் புல் விரிப்பு ஊர் ஊராகப் பரவியது. போட்டுவிட்டால் கவனிப்புக் குறைவு. 1988-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் புல்லைக் கைவிட்டு மெல்பர்னில் புது அரங்குக்கு மாறியபோது 'ரீபவுண்ட் ஏஸ்' என்ற ரப்பர் கலந்த தரை வந்தது. கடும் வெயிலில் அது பிசுபிசுத்துக் காலணியைப் பிடிக்கிறது என்று ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் முறையிட்டார்கள். 2008-இல் அதை மாற்றினார்கள். 2014 ஜனவரியில் மெல்பர்னில் நான்கு நாள் தொடர்ந்து 41 டிகிரிக்கு மேல் அடித்தபோது, புதுத் தரையிலும் ஆட்டக்காரர் ஒருவர் மயங்கி விழுந்தார். அந்த வெப்பத்தை எந்தத் தரையாலும் முழுக்கத் தணிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயில் நாட்டுக்குத் தரை தேடும்போது, வெயிலிலேயே உருவான மண்ணை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்குப் போகவில்லை. அந்த அரங்குக்கு 2000-இல் வைத்த பெயர் ராட் லேவர் அரங்கம்.

குவீன்ஸ்லாந்தின் சில ஊர்களில் புற்றுமண் களங்கள் இன்னும் இருக்கின்றன. ஆட்டத்தின்போது காலணி கிளறிய பள்ளங்களை மூட, ஒரு கட்டையில் கோணிச்சாக்கைக் கட்டி, களத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். கோட்டின் மேல் படிந்த மண்ணைத் துடைப்பத்தால் தள்ளுவார்கள். இதற்கென்று தனி ஆள் கிடையாது. ஆட்டம் முடிந்ததும், அடுத்து ஆட வருகிறவருக்காகச் சாக்கை இழுத்துவிட்டுத்தான் களத்தை விட்டு வெளியேற வேண்டும்.