தோடைக்கு ஒரு மாளிகை

1795இல் நமது துறைமுகக் கோட்டைகளை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்த ஒல்லாந்தர், நேயர்களே, தம் நாட்டிலே தோடை மரத்துக்கு மாளிகை கட்டியவர்கள்! லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் 1744இல் எழுந்தது அப்படியொன்று. பனி வருமுன் மரங்களைத் தொட்டியோடு உள்ளே கொண்டுசெல்வார்கள். தெற்கு நோக்கிய உயர்ந்த சாளரங்கள் வெயிலை வாங்கும். கணப்பு உறைபனியைத் தடுக்கும். நீரும் அளவாகவே. அந்த உறக்கம் கலைந்த பின்னரே பூவும் பிஞ்சும்.

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அப்பழத்தின் பெயர் நம் ‘நாரத்தை’க்கு உறவு, வடமொழி, பாரசீகம், அரபு வழியே சென்றது என்பர் மொழிநூலார். சொல்லுக்குக் கணப்பு வேண்டியிருக்கவில்லை என்று மாணவருக்குச் சொல்வேன்.

1983க்குப் பின் குளிர்நாடுகளுக்குப் பெயர்ந்த நம்மவர் சிலரும் சாளரத்தருகே தேசிக்கன்று வளர்க்கிறார்கள். வீட்டினுள் தேனீ ஏது? மென்தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவுகிறார்கள்.