ஆயுதம் இல்லாத யுத்தப் பாட்டு



பள்ளி விழாவுக்காக நாமக்கல் கவிஞரின் உப்பு சத்தியாகிரகப் பாட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்த பேரன், "ஆயுதமே இல்லாம எப்படிப் பாட்டி யுத்தம்?" என்று கேட்டான்.

பதில் நம்ம திருச்சியிலேயே இருக்கிறது. 1930 ஏப்ரல் 13. ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் கன்டோன்மென்ட் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். 15 நாள் நடை, 240 கிலோமீட்டர். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று அறிவித்தார் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த நடைக்காக ராமலிங்கம் பிள்ளை எழுதிக் கொடுத்த பாட்டுத்தான் அது. அவர் ஓவியரும்கூட.

ஓய்வுபெற்ற பிறகு ஜப்பானியக் கவிதை பற்றிக் கொஞ்சம் படித்தேன். அங்கே கதை வேறு. எட்டாம் நூற்றாண்டில் தொகுத்த 'மன்யோஷு' அவர்களுடைய பழம்பெரும் தொகைநூல். மன்னருக்காகச் சாவேன் என்று அதில் வரும் வரிகளுக்கு 1937இல் மெட்டுப் போட்டார்கள். போரில் மடிந்தவர்களைப் பற்றிய வானொலிச் செய்திக்கு முன்னால் அந்தப் பாட்டுத்தான் ஒலித்தது. செர்ரிப்பூ உதிர்கிற அழகும் இளைஞர் சாவுக்கு உவமையானது. தற்கொலைத் தாக்குதலுக்கென்றே செய்த விமானத்துக்குச் 'செர்ரிப்பூ' என்றே பெயர் வைத்தார்கள்.

தகாமுரா கோதாரோ என்ற கவிஞர் சிற்பியும்கூட. போரைப் போற்றி நிறையப் பாடியவர். 1945இல் நாடு தோற்றதும் மலையடிவாரக் குடிசையில் ஏழு வருஷம் தனியாக இருந்தார். தன் தவற்றைத் தானே விசாரித்துக் கவிதை எழுதினார்.

அதைப் படித்தபோது எனக்கு 1999 ஞாபகம் வந்தது. கார்கில் சமயம். எட்டாம் வகுப்பில் புறநானூறு பற்றிப் பேச்சு வந்தது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயைப் பற்றி மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். தகப்பனையும் கணவனையும் போரில் இழந்தவள், ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். வகுப்பே கை தட்டியது. ஒரு பெண் மட்டும் எழுந்து, "அன்னிக்கு ராத்திரி அந்த அம்மா தூங்கியிருப்பாங்களா டீச்சர்?" என்றாள். அவள் அண்ணன் ராணுவத்தில் எல்லையில் இருந்தான். "உட்காரும்மா" என்று மட்டும் சொன்னேன். அவன் நல்லபடியாகத் திரும்பி வந்தான். ஆனால் அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை.

பாட்டு அழகாக இருந்தால் அது யாரை எங்கே அனுப்புகிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம். நானும் மறந்தேன். 1930இன் பாட்டும் ஆட்களை அனுப்பியதுதான். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். ஆனால் அடுத்தவன் பிள்ளையைக் கொல்ல அனுப்பவில்லை. பேரனுக்கு இதைத்தான் சொன்னேன்.

அந்தப் பெண்ணே, நீ இதைப் படித்தால்: அவள் தூங்கியிருக்க மாட்டாள், அம்மா. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்