பிலிம் கழுவிய வரலாறு

திரைப்படத்தின் வரலாற்றைப் பேசுவோர் நடித்தவரைக் கூறுவர், பாடியவரைக் கூறுவர். பிலிமைக் கழுவியவரைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. மாணவர்களே, இன்று அவர்களைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

1913இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வின் பிலிமை, பால்கே பம்பாய் தாதரில் தம் வீட்டிலேயே கழுவினார். அவர் மனைவி சரஸ்வதிபாய் பிலிமுக்குத் துளையிட்டும் இருட்டறையில் கழுவியும் உதவினார்.

தென்னாட்டில் முதல் கதைப்படமான 'கீசகவத'த்தை 1917-18ஆம் ஆண்டுகளில் எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார், மோட்டார் உதிரிப் பொருள் வணிகர். படம்பிடித்த இடம் சென்னைக் கீழ்ப்பாக்கம். பிலிமைக் கழுவிய இடமோ பெங்களூர்! வார இறுதிகளில் முதலியார் அங்கே செல்வார். நாராயணசாமி ஆசாரி என்பவர் கழுவும் பணியில் துணை நின்றார். இத்தனை அலைச்சல் ஏன்? குளிர்ச்சிக்காகத்தான்.

பிலிமின் மேற்பூச்சு ஜெலட்டின். அதாவது ஒருவகைப் பசை. வெந்நீர் பட்டால் ஊதும், இளகும். டெவலப்பர் குளிர்ந்தும் அடுத்த நீர் சுட்டும் இருந்தால், பூச்சு சுருங்கி வலைபோல் வெடித்துவிடும். ஆகவே 20 பாகை செல்சியஸ் என்பது பொது அளவாயிற்று. அந்த அளவில் 7 நிமிடம் வேண்டுவது 24 பாகையில் ஏறத்தாழ 5 நிமிடத்தில் முடிந்துவிடும். சித்திரை மாதத்தில் கோயம்புத்தூர்க் குழாய்நீர் எவ்வளவு சுடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பனிக்கட்டியை டெவலப்பரில் போடலாகாது, மருந்து நீர்த்துப்போகும். வெளித்தொட்டியில் இட்டு, பாத்திரத்தை அதனுள் வைத்துக் குளிர்விப்பதே முறை.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் கட்டிய ஊர் இது. பட்சிராஜா ஸ்டூடியோவின் 'மலைக்கள்ளன்' 1954இல் புறப்பட்டதும் இங்கிருந்தே. இவ்வூரில் வீட்டில் பிலிம் கழுவுவோருக்கு மற்றுமோர் இடர் உண்டு: உப்புக் கிணற்று நீர். அது காய்ந்தால் வெண்புள்ளிகள் படியும். கடைசி அலசலுக்கு மட்டுமேனும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துவது நலம்.

பிலிமே நம் அண்டையில் உருவான காலமும் ஒன்றுண்டு. 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் உதகையில் 'இந்து' என்னும் பிலிமை உற்பத்தி செய்தது. (நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்ததை நினைவிற் கொள்க.) தூய காற்றும் குளிரும் அங்கே இயற்கையாகவே கிடைத்தன. இன்று அத்தொழிற்சாலை இயங்கவில்லை.

ஆயினும் இளைஞர் சிலர் மீண்டும் பிலிமைக் கையிலெடுத்துள்ளனர். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது படத்தையன்று, ஓரத்தை! பிலிமின் ஓரத்தில் ஆலையிலேயே பதித்த எண்கள் உள்ளன. அவை கருமையாக விளங்கியும் படம் மங்கியிருந்தால் காமிராவில் ஒளி போதவில்லை. எண்களும் மங்கியிருந்தால் டெவலப்பரில் வைத்த நேரம் குறைவு, அன்றி மருந்து பழையது. எண்களே இல்லாமல் பிலிம் கண்ணாடிபோல் இருந்தால், டெவலப்பர் செத்திருக்கும். அல்லது ஹைப்போவை முன்னே ஊற்றியிருப்பர். பால்போல் வெளுத்திருந்தால் ஹைப்போ போதவில்லை. புதிய ஹைப்போவில் மீண்டும் இட்டால் தெளியும். சிவப்பு விளக்கை நம்பலாகாது. பான்குரோமாட்டிக் பிலிம் சிவப்பையும் காணும்.

ஹைப்போ நீங்க நன்றாக அலசாத நெகட்டிவ் அன்று அழகாகவே தோன்றும். ஆண்டுகள் சென்றபின் மஞ்சளித்து மங்கும். 'கீசகவத'த்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை.